வேறுபட்டவர்களுடன் பணிபுரிந்த அனுபவங்கள்

மென்பொருள் சோதனைக் குழுவில் பணிபுரியும் உறுப்பினர்:

செவித்திறன் குறைந்த ஒருவர் எங்கள் குழுவில் சேர்ந்தபோது, அவர் உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார் என்று சொல்லி மேலாளர் அறிமுகத்தை முடித்துக்கொண்டார். உதட்டசைவில் எல்லா ஒலிகளும் தெரிவதில்லை. 'படம்' என்றாலும் 'மடம்' என்றாலும் பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே இருக்கும். பேசுபவர் தலையைத் திருப்பினால் அதுவும் போயிற்று. பேசப்போகும் பொருளை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும், ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் பேச வேண்டும் என்பதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அப்படிச் செய்யத் தொடங்கியதும், குரலை உயர்த்திப் பழக்கமில்லாத புதியவர்களுக்கும் தொலைபேசி வழியாகக் கலந்துகொள்பவர்களுக்கும் பேச இடம் கிடைத்தது. எந்த வேலையை யார் ஏற்றுக்கொண்டார் என்று கூட்டத்துக்குப் பின் நடக்கும் வழக்கமான வாக்குவாதமும் குறைந்தது.

எனக்கு உறுத்தலாக இருந்தது வேறொன்று. தன்னம்பிக்கைக்கு எடுத்துக்காட்டு என்று அவரை மேடையேற்றிப் பாராட்டிய அதே நிர்வாகம், அடுத்த கூட்டத்துக்கான குறிப்பை அவருக்கு அனுப்ப மறந்துவிட்டது. 2006-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, தேவையான நியாயமான வசதிகளை மறுப்பதையும் பாகுபாடு என்றே கொள்கிறது. கைதட்டல் அந்த வசதிக்கு ஈடாகாது. (அவரும் மேடையில் சங்கடத்துடன்தான் நின்றிருந்தார்.)

திட்ட அறிக்கைகள் தயாரிக்கும் உறுப்பினர்:

மேலே உள்ளதைப் படித்ததும் எங்கள் நிலவர அட்டவணை நினைவுக்கு வந்தது. தாமதமான வேலைகளுக்குச் சிவப்பு, ஒழுங்காக நடப்பவற்றுக்குப் பச்சை என்று கட்டங்களை நிறத்தால் மட்டுமே நிரப்பி வந்தோம். குழுவில் ஒருவருக்கு அவ்விரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. பெண்களைவிட ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் பரம்பரைக் குறைபாடு அது. நிறத்தை மட்டுமே நம்பித் தகவலைத் தரக்கூடாது என்பது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைப்பதற்கான 'இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளில்' பல ஆண்டுகளாகவே இருக்கிறது என்றாலும், நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் 'தாமதம்', 'சரி' என்று எழுதுகிறோம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் படிக்கும் தணிக்கையாளர்களுக்கும் வசதியாகிவிட்டது. எழுத்தைச் சேர்க்க ஒரு பிற்பகல்கூட ஆகவில்லை. ஆனால் அதை வாய்விட்டுக் கேட்கும் துணிவு அவருக்கு வர, எதற்கெடுத்தாலும் கேலி பேசும் முந்தைய மேலாளர் மாறிப்போக வேண்டியிருந்தது.