சாரிசெல்கா காட்டுப்பாதையில் இரண்டு நாளில் மூன்று பஞ்சர், காரணம் பிடிபடவில்லை. உதவி தேவை

ஓலுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஓலுவிலிருந்து சைக்கிளோடு கிளம்பி, பின்லாந்தின் வடபகுதியில் உள்ள சாரிசெல்காவுக்கு வந்திருக்கிறேன். ஊர்ஹோ கெக்கொனன் தேசியப் பூங்காவில் சைக்கிளுக்கு அனுமதி உள்ள பாதையில் கீலோபா வரை போய்த் திரும்ப வேண்டும். பல நாள் ஆசை. ஆனால் இரண்டு நாளில் மூன்று பஞ்சர். மூன்றும் பின்சக்கரம்.

முதல் இரண்டும் லூலம்பி பக்கம், மரங்கள் குறைந்து மொட்டைக் குன்று தொடங்கும் இடத்தில், இறக்கத்தில் கல்லில் இடித்த உடனே. மூன்றாவதுதான் புரியவில்லை. இன்று காலை விடுதி வாசலில் புது டியூப் மாட்டினேன். சமமான சரளைச் சாலையில் 4 கிலோமீட்டர்கூடப் போகவில்லை, எதிலும் இடிக்கவும் இல்லை, காற்று இறங்கிவிட்டது. டயருக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவினேன். முள், கம்பி எதுவும் இல்லை.

29 அங்குலச் சக்கரம், 2.25 அங்குல டயர், உள்ளே சாதாரண டியூப். என் எடை 82 கிலோ, பின்னால் கேரியரில் 9 கிலோ பை. காற்று 20 பிஎஸ்ஐ. கையில் மிச்சம் ஒரே ஒரு டியூப், ஆறு ஒட்டு. விடுப்பு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. டயரையே மாற்ற வேண்டுமா?

வடகாற்று:
20 பிஎஸ்ஐ யார் சொன்னது? டியூப் இல்லாத டயரில் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. டியூப் போட்டு, இவ்வளவு எடையோடு அந்தக் கல்லில் இறங்கினால் டயர் நசுங்கி ரிம்மைத் தொட்டுவிடும். நானும் என் கணவரும் ரொவனியெமியிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அங்கே போகிறோம். பின்னால் 30, முன்னால் 26 வைத்துப் பாருங்கள்.

பழைய ஆரக்கால்:
தம்பி, அந்தக் கடைசி டியூபை இப்போதைக்கு மாட்டாதீர்கள், அதுவும் போய்விடும். காற்று அளவு முதல் இரண்டு பஞ்சருக்கு வேண்டுமானால் காரணமாக இருக்கலாம். சமதரையில் போனதற்கு அது பதில் இல்லை.

மூன்று டியூபையும் எடுத்து லேசாகக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். ஓட்டை எத்தனை, எந்தப் பக்கம் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். டயரைத் தொடும் வெளிப்பக்கமா, ரிம்மைத் தொடும் உள்பக்கமா?

ஓலுக்காரன்:
பார்த்துவிட்டேன் அண்ணா. முதல் இரண்டு டியூபிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல், பாம்பு கொத்தினது மாதிரி. மூன்றாவதில் ஒரே ஓட்டை, ரிம் பக்கம். அரிசி அளவுகூட இல்லை, பிறை மாதிரி வளைந்த வெட்டு.

பழைய ஆரக்கால்:
அப்படியானால் இது இரண்டு வேறு வேறு கோளாறு. ஜோடிக் கீறல், வடகாற்று சொன்னதேதான்: கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் சிக்கி இரண்டு இடத்தில் கிழிகிறது. ரிம் பக்கத்துப் பிறை வெட்டு ரிம் டேப்பின் வேலை. ஆரக்கம்பி பொருந்தும் குழிகளை மூடத்தான் அந்த டேப். அது ஒதுங்கினால் டியூப் குழிக்குள் பிதுங்கி, விளிம்பில் பட்டு அறுபடும்.

டயரைக் கழற்ற என்ன வைத்து நெம்பினீர்கள்?

ஓலுக்காரன்:
விடுதியில் இருந்த இரும்புத் திருப்புளி. பிளாஸ்டிக் நெம்புகோல் முதல் நாளே உடைந்துவிட்டது.

பழைய ஆரக்கால்:
அதுதான். திருப்புளி முனை உள்ளே போய் டேப்பைத் தள்ளியிருக்கும். டயரை முழுக்கக் கழற்றி, ஓட்டை இருந்த இடத்துக்கு நேரே ரிம்மைப் பாருங்கள். வால்வை வைத்து அளந்தால் அந்தக் குழி சரியாகக் கிடைக்கும். டேப்பை நடுவுக்கு இழுத்து, ஈரம் போகத் துடைத்து, அதன் மேல் கரண்ட் வேலைக்கான இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும். பிறகு நல்ல ரிம் டேப் போட்டுவிடுங்கள். டயரை மாட்டும்போது கையாலேயே மாட்டுங்கள், திருப்புளி வேண்டாம்.

பழைய டியூபுகளை எறிய வேண்டாம். ஜோடிக் கீறலுக்கு இரண்டையும் சேர்த்து மூடும் பெரிய ஒட்டு போடுங்கள். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்பு போகும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டு ஈரமாக ஒட்டினால் பிய்ந்துவிடும். அந்தக் குளிரில் காய நேரமெடுக்கும், டியூபைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

வடகாற்று:
ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். வழியில் பஞ்சரானால் காட்டுக்குள் உட்கார்ந்து ஒட்டாதீர்கள். ஜூலையில் கொசு, கடிக்கும் சின்னக் கறுப்பு ஈ, குதிரை ஈ எல்லாம் சேர்ந்து மொய்க்கும், இங்கே அதை ரக்கா என்பார்கள். ஒரு கையில் உப்புத்தாளும் இன்னொரு கையில் டியூபும் இருக்கும்போது கன்னத்தில் அடிக்கக்கூட முடியாது. முடிந்த மட்டும் தள்ளிக்கொண்டு காற்று வீசும் மேட்டுக்குப் போய்விடுங்கள். கலைமான்கள் அந்த நாட்களில் மொட்டைக் குன்றின் மேல் கூட்டமாக நிற்பதும் இதற்காகத்தான்.

அப்புறம், கல் நிறைந்த இடத்தில் ஓரமாகச் சுற்றிப் போகலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம், இறங்கித் தள்ளுங்கள். ஓரத்தில் வெளிறிய பாசி போலத் தெரிவது லைக்கன், கலைமானின் குளிர்கால உணவு. வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு டயர் தடம் பல வருடம் மறையாது. எனக்குப் பிடித்த ஒரு வளைவில் இந்த மாதிரி மூன்று தடம் இருக்கிறது, ஒவ்வொரு கோடையும் பார்க்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ஓலுக்காரன்:
அண்ணா, சொன்ன மாதிரியே. டேப் அரை விரல் ஒதுங்கி ஒரு குழி பளிச்சென்று தெரிந்தது, விளிம்பில் நகத்தை வைத்தால் அறுக்கிற மாதிரி பிசிறு. உப்புத்தாளால் அதையும் மழுக்கிவிட்டு டேப் சுற்றினேன். பின்னால் 30, முன்னால் 26.

நேற்று இரவு 9 மணிக்குக் கிளம்பினேன், இந்த மாதத்தில் இருட்டு இல்லை என்பது எவ்வளவு வசதி! லூலம்பிக்கு மேலே அதே இறக்கம், அதே கல். பை கனமாக இருந்ததால் மோசமான இடங்களில் இறங்கித் தள்ளினேன் அக்கா, பாதையை விட்டு விலகவில்லை. நீலன்பா குடிலில் நிறுத்திக் கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. கீலோபா போய்ச் சேர்ந்தபோது நடுநிசி தாண்டிவிட்டது, வெயில் குன்றின் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. காலையில் மறுபடியும் அழுத்திப் பார்த்தேன், துளிக் காற்று இறங்கவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி.