கவிதாவின் தைராய்டு ரிப்போர்ட்: குடும்பக் குழுவில் பேசியது

செல்வி: கவிதா ரிப்போர்ட் வந்துடுச்சு. டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டற ஹார்மோன்) 11.8, அதிகம். ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கற ஹார்மோன்) கம்மி. ஆன்ட்டி டிபிஓ அதிகம்னு போட்டிருக்கு. டாக்டர் தைராக்ஸின் மாத்திரை 50 மைக்ரோகிராம் எழுதியிருக்கார். உமா, பாலு தம்பி, ரெண்டு பேரும் பாருங்க.

செல்வி: (ஃபார்வர்ட்) தைராய்டுக்கு மாத்திரையே வேண்டாம்!! தினமும் கெல்ப் கடற்பாசி மாத்திரை 2, பிரேசில் நட் 6, தேங்காய் எண்ணெய் 2 ஸ்பூன். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் தொடவே கூடாது. 3 மாதத்தில் தைராய்டு பறந்துவிடும்!!

செல்வி: இதுல எதையாவது செய்யலாமா?

உமா: அத்தை, இதை யாருக்கும் அனுப்பாதீங்க. முதல் ரெண்டுமே கவிதாவுக்குக் கெடுதல்.

உமா: ஆன்ட்டி டிபிஓ அதிகம்னா உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குதுன்னு அர்த்தம், இதுக்கு ஹஷிமோட்டோன்னு பேர். அயோடின் பத்தாததால வந்தது இல்ல. இந்த நிலைமையில அயோடினை அள்ளிக் கொட்டினா சுரப்பி இன்னும் மந்தமாகும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம், கர்ப்பத்துலயும் பால் கொடுக்கும்போதும் 250 வரை. கடற்பாசியில ஒரு கிராமுக்கு 16 மைக்ரோகிராமும் இருக்கலாம், கிட்டத்தட்ட 3000மும் இருக்கலாம். எந்தப் பாசி, எங்க விளைஞ்சதுங்கறதைப் பொறுத்து மாறும். அதை மாத்திரையா அடைச்சு வித்தா, உள்ள போறது எவ்வளவுன்னு நமக்கு எப்படித் தெரியும்?

கவிதா: அண்ணி, பிரேசில் நட்? செலினியம் தைராய்டுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களே

உமா: செலினியம் வேணும், அது உண்மை. சுரப்பி அதிகமா விடறது டி4. அது டி3யா மாறினாதான் உடம்பு பயன்படுத்தும். மாத்தற நொதிக்கு செலினியம் தேவை. ஆனா தேவை ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம்தான். ஒரே ஒரு பிரேசில் நட்ல 70லேர்ந்து 90 வரை இருக்கும். ஆறு தின்னா 420லேர்ந்து 540 வரை போகும், உச்ச வரம்பே 400. தினம் அப்படியே போனா முடி கொட்டும், நகம் உடையும், மூச்சுல பூண்டு வாடை வரும். முடி கொட்டுதுன்னு சாப்பிட ஆரம்பிச்சது, அதனாலயே இன்னும் கொட்டும். முட்டை, மீன், பருப்பு, முழு தானியம் சாப்பிட்டா செலினியம் தானா வந்துடும்.

செல்வி: நான் இந்துப்புக்கு மாறிட்டேனே உமா. அது?

உமா: அதுல பொதுவா அயோடின் சேர்க்கறதில்ல அத்தை. அயோடின் சேர்த்த சாதா உப்புக்கே வந்துடுங்க, அளவை மட்டும் கூட்ட வேண்டாம். எல்லாம் சேர்த்து ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டின ஒரு டீஸ்பூனுக்குள்ள. டப்பாவை அடுப்பு பக்கத்துல திறந்து வைக்காதீங்க. சூடும் ஈரமும் பட்டா அயோடின் குறையும். இறக்கற நேரத்துல உப்பு போட்டா நல்லது. பால், தயிர், முட்டை, மீன்லயும் அயோடின் வரும்.

கவிதா: கோஸ்?

உமா: தாராளமா சாப்பிடு, வேகவெச்சு. கோஸ்ல இருக்கற சில பொருள் உடைஞ்சு, சுரப்பி அயோடினை இழுக்கறதைத் தடுக்கும். உடைக்கற நொதி சூட்டுல பெரும்பாலும் செயலிழந்துடும். 2010ல மருத்துவ இதழ்ல ஒரு கேஸ் வந்தது: 88 வயசு அம்மா, தினமும் ஒரு கிலோவுக்கு மேல சீனக் கோஸைப் பச்சையா, மாசக்கணக்குல சாப்பிட்டு நினைவு தப்பற நிலைக்குப் போயிட்டாங்க. பொரியலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பச்சைக் கோஸ், கேல் (கோஸ் வகைக் கீரை) ஜூஸ் தினம் குடிக்கறது மட்டும் வேண்டாம்.

பாலு: இப்பதான் பார்த்தேன் அண்ணி. தேங்காய் எண்ணெய் சமையலுக்கு ஓகே, தைராய்டுக்கு அது மருந்தில்ல. கவிதா, நீ கவனிக்க வேண்டியது மாத்திரை போடற நேரம். நிறைய பேருக்கு டோஸ் ஏறிக்கிட்டே போறது அங்கதான்.

பாலு: காலையில வெறும் வயிறு, ஒரு டம்ளர் வெறும் தண்ணி. அதுக்கப்புறம் 60 நிமிஷம் (குறைஞ்சது 30) காபி, டீ, பால் எதுவும் கிடையாது. காபியோட போட்டா மருந்து ரத்தத்துல சேர்றது குறையும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. ரெண்டும் குடல்ல தைராக்ஸினைப் பிடிச்சுக்கும், உள்ள விடாது. ஜெலுசில் மாதிரி அசிடிட்டி மருந்தும் அப்படித்தான்.

கவிதா: சித்தப்பா, நான் காலையில 7 மணிக்கு இரும்பு மாத்திரை போடறேன். சாயந்திரம் கால்சியம்

பாலு: அப்ப இப்படி மாத்து. 6 மணிக்கு தைராக்ஸின். 7 மணிக்கு காபி, அப்புறம் டிபன். இரும்பு மதியம். கால்சியம் ராத்திரி சாப்பாட்டோட. இரும்பும் கால்சியமும் ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல், அதனால சேர்த்துப் போடாதே. காலையில முடியலன்னா ராத்திரி படுக்கும்போது தைராக்ஸின் போடலாம், ஆனா சாப்பிட்டு 3 மணி நேரம் ஆகியிருக்கணும், கால்சியம் மதியத்துக்குப் போயிடணும், இரும்பு காலைக்கு. ஏதாவது ஒரு முறையை வெச்சுக்கோ, இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாத்தாதே.

உமா: இரும்பை நிறுத்திடாதே கவி. இரும்பு கம்மியா இருந்தா சுரப்பியில ஹார்மோன் தயாரிக்கற நொதியே சரியா ஓடாது. ஃபெர்ரிட்டின் (உடம்புல சேமிப்புல இருக்கற இரும்பைக் காட்டற டெஸ்ட்) பார்த்தாங்களா? பாக்கலன்னா அடுத்த தடவை கேளு. சோர்வும் முடி கொட்டறதும் ரெண்டாலயும் வரும், எல்லாத்தையும் தைராய்டு தலையில போட்டுடக் கூடாது.

செல்வி: எடை குறைய தனியா டயட் ஏதாவது இருக்கா?

உமா: தைராய்டால ஏறினது பொதுவா 2லேர்ந்து 5 கிலோ வரைதான் இருக்கும் அத்தை, அதுலயும் பெரும்பகுதி உடம்புல தேங்கற உப்பும் நீரும். மாத்திரை சரியான அளவுக்கு வந்ததும் அது இறங்கும். மீதிக்கு எல்லாருக்கும் உள்ள வழிதான்: நடை, ஒவ்வொரு வேளையும் புரதம், நிறைய காய். மலச்சிக்கல் இருந்தா நார்ச்சத்து கூட்டலாம். நார்ச்சத்துப் பொடி, சோயா இதெல்லாம் மாத்திரையை விட்டுத் தள்ளி.

கவிதா: ஆஃபீஸ்ல ஒருத்தங்க அஸ்வகந்தா சொன்னாங்க

பாலு: வேண்டாம். அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியதுதான், அதுதான் பிரச்சினையே. மாத்திரையும் அதுவும் சேர்ந்தா அளவு மீறிப் படபடப்பு, தூக்கமின்மை வரும். எதனால ஏறிச்சுன்னு டாக்டருக்கும் புரியாது. கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கு. கர்ப்பத்துல கூடவே கூடாது.

பாலு: கர்ப்பம்னா இன்னொண்ணு. டெஸ்ட் பாசிட்டிவ்னு தெரிஞ்ச அன்னிக்கே டாக்டருக்கு ஃபோன் பண்ணணும். அப்ப டோஸ் 25, 30 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும். மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது.

செல்வி: எத்தனை நாள்ல தெரியும் தம்பி? பத்து நாள் பாத்துட்டு டெஸ்ட் எடுக்கலாமா?

பாலு: பத்து நாள் பத்தாது அண்ணி. இந்த மருந்து உடம்புல பாதியாக் குறையவே ஒரு வாரம் ஆகும், மெதுவாதான் நிலைக்கு வரும். 6லேர்ந்து 8 வாரம் கழிச்சு டிஎஸ்ஹெச் பாக்கணும். அன்னிக்கு ரத்தம் கொடுத்துட்டு மாத்திரை போடட்டும்.

கவிதா: முடிக்கு ஜெல்லி மிட்டாய் மாதிரி ஒரு சத்து மாத்திரை சாப்பிடறேன், அட்டையில பயோட்டின் (ஒரு வைட்டமின்) 5000 மைக்ரோகிராம்னு இருக்கு. அது பரவாயில்லையா?

பாலு: இதை டாக்டர்கிட்ட சொன்னியா? பல லேப்ல டெஸ்ட் செய்யற முறையிலயே பயோட்டின் இருக்கு. நீ சாப்பிட்டது ரத்தத்துல இருந்தா டிஎஸ்ஹெச் பொய்யாக் குறைஞ்சும் டி4 பொய்யா ஏறியும் காட்டும். அதைப் பாத்து டோஸைக் குறைச்சுட்டா கஷ்டம். சனிக்கிழமை டெஸ்ட்னா புதன்கிழமையோட நிறுத்திடு. லேப்ல ரத்தம் எடுக்கறவங்ககிட்டயும் சொல்லு.