மனுவாரைக் கோட்டை எனலாமா?

> பிரெஞ்சு மனுவார் (நிலவுடைமையாளரின் நாட்டுப்புற வீடு), ஷாத்தோ (பிரபுக்களின் பெருங்கட்டடம்) இரண்டுக்கும் "கோட்டை" போதும். புறாக்கள் அடையும் கொலொம்பியேவுக்குப் "புறாக்கூண்டு".

ஐயா, வணக்கம்.

ஆங்கோ மனுவார் பற்றிய கட்டுரைக்கு நீங்கள் மேலே சொன்ன தமிழ்ச் சொற்கள் இரண்டும் பொருந்தவில்லை. வட பிரான்சின் நார்மண்டியில் தியெப் துறைமுகத்துக்கு அருகிலுள்ள அந்த மனுவாரையே பாருங்கள். கட்டியவர் ழான் ஆங்கோ என்ற கப்பல் முதலாளி. அவருடைய கப்பல்கள் 1529-இல் சுமத்ரா வரை வந்தன. இந்த மனுவாரை 1530களில் இத்தாலியக் கைவினைஞர்களைக் கொண்டு எழுப்பினார். பெரிய முற்றத்தைச் சுற்றிக் கட்டடங்கள், ஒரு பக்கம் வளைவுகள் கொண்ட திறந்த தாழ்வாரம். படையைத் தடுக்கக் கட்டியதல்ல, குடியிருக்கக் கட்டியது. 1551-இல் அவர் இறந்தபின் நெடுங்காலம் பண்ணையாகவே இருந்தது. எனவே "பண்ணைமனை" என்கிறேன்.

முற்றத்தில் நிற்கும் வட்டக் கோபுரம்தான் கொலொம்பியே. செங்கல், மணற்கல், சிக்கிமுக்கிக் கல் மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கோலம் போட்டதுபோல் கட்டியிருக்கிறார்கள். உட்சுவரில் சுமார் 1600 பொந்துகள். இதைக் கூண்டு என்பது தவறு. கூண்டு அடைத்துவைப்பது, இங்கே புறா தானாக வந்து போகும். சுவர் மாடத்தில் அடைவதால்தானே நாம் மாடப்புறா என்கிறோம்? "புறாமாடம்" நம்மிடமே இருக்கிறது. உள்ளிருக்கும் பொந்துக்கு, விளக்கு வைப்போமே, அந்த "மாடக்குழி".

---

தம்பி,

புறாமாடம் அருமை, மாடக்குழியும் சரி. பண்ணைமனையில்தான் தயக்கம். வீட்டுமனை விற்பனைக்கு என்று ஊரெல்லாம் பலகை. பண்ணைமனை என்றால் விற்க வைத்த நிலம் என்றே படிப்பார்கள். தவிர, நார்மண்டியில் இந்தப் புறாக்கோபுரம் நிலக்கிழாரின் தனியுரிமை. குடியானவர் விதைத்ததைக் கிழாரின் புறா தின்னும். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 ஆகஸ்டு 4 இரவில்தான் அந்த உரிமை ஒழிந்தது. "பண்ணை" என்ற சொல்லில் இந்த அதிகாரம் தெரியவில்லையே? "கிழார்மனை" பாருங்கள்.

---

ஐயா,

ஒப்புக்கொள்கிறேன். ஃபியூடலிசத்தை நிலக்கிழாரியம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதோடு இது இயல்பாகச் சேர்கிறது. மருத்துவமனை போல, யாருக்கு அல்லது எதற்கு என்ற சொல் முன்னே நின்றால் மனை கட்டடமாகவே ஒலிக்கிறது. ஷாத்தோவுக்குத்தான் ஒரே சொல் போதாது: அரண் உள்ளதைக் கோட்டை என்றும், பிரான்சின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள பிற்காலக் கட்டடங்களை மாளிகை என்றும் பிரிக்கலாம். கட்டுரையின் முதல் வரியை இப்படி மாற்றிவிட்டேன்: "ஆங்கோ கிழார்மனை, 16-ஆம் நூற்றாண்டுப் புறாமாடத்துக்குப் பெயர்பெற்றது."