குதிரை ஏரும் டிராக்டரும்: பண்ணைக் கண்காட்சியில் பார்த்தது

வட்டார அளவில் நடந்த ஒரு பண்ணைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரே வயலில் ஒரு பக்கம் டிராக்டர் உழுதது, மறுபக்கம் இரண்டு குதிரை பூட்டிய ஏர். வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: எது சீக்கிரம் முடிக்கும்? அதற்குப் பதில் பார்க்காமலே தெரியும். ஒரு அடி அகலத்துக்குச் சால் பிடித்தால் ஒரு ஏக்கருக்குக் குதிரையும் உழவரும் நடக்க வேண்டியது 13 கிலோமீட்டருக்கு மேல். திரும்புகிற நடை தனி. நாள் முழுக்க ஓட்டி ஒன்றரை, இரண்டு ஏக்கர் முடித்தாலே நல்ல ஜோடி. டிராக்டர் அதை மதியத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடும்.

என்னைக் கட்டிப்போட்டது குதிரையின் கழுத்து வளையம். பூட்டும்போதே குதிரைக்காரர் வளையத்துக்கும் தொண்டைக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தார். இறுகினால் மூச்சு முட்டும், தொளதொளவென்று இருந்தால் தோளில் உரசும். சில சால் ஓட்டியதும் நிறுத்தி, வளையத்தைக் கழற்றித் தோளைத் தடவிக் காட்டினார். தோல் ஒரே சீராக வியர்த்து நனைந்திருக்க வேண்டுமாம். நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம், விட்டுவிட்டால் புண்ணாகிவிடும். புண்ணானால் ஆறுகிறவரை ஏர் நிற்க வேண்டியதுதான். உதிரிபாகம் வாங்கி மாட்டுகிற வேலை இல்லை இது.

இழுவையைப் பற்றியும் பேசினோம். 800 கிலோ எடையுள்ள குதிரை நாள் முழுக்கச் சோராமல் இழுப்பது தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் கொழு கெட்டி மண்ணில் மாட்டும்போது அதைப்போலப் பல மடங்கு தம் கட்டி இழுத்துவிடுகிறது. என் கண் முன்னாலேயே இழுத்தது. மூச்சைச் சீறி, காதை மடக்கி, பின்னங்காலை ஊன்றி ஒரே இழுப்பு!

டிராக்டர் பக்கம் மண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. சாலுக்குள் ஓடிய பின்சக்கரம் வழுக்கியதில் அடிமண் மெழுகியது போலப் பளபளத்தது. அதற்குக் கீழே வேர் எப்படி இறங்கும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. குதிரையும் மண்ணை மிதிக்கத்தான் செய்கிறது. ஆனால் குளம்பு பதிவது விட்டுவிட்டு, சக்கரம் அழுத்துவது தொடர் கோடாக.

பழைய டிராக்டர் வரிசையில் 1939-இல் வந்த ஃபோர்டு 9என் ஒன்று நின்றது. ஹாரி ஃபெர்குசன் என்ற பொறியாளர் உருவாக்கிய மூன்று புள்ளி இணைப்பு, அதாவது கலப்பையை டிராக்டரின் பின்னால் மூன்று இடத்தில் மாட்டுகிற அமைப்பு, அதில்தான் பரவலானது. கலப்பையின் இழுவையையே பின்சக்கரத்துக்கு எடையாக மாற்றியதால் சின்ன வண்டியே வயலில் பிடித்து இழுத்தது.

ஆனால் வேகத்தை வைத்து ஒப்பிடுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வருஷத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். டிராக்டர் கொட்டகையில் நின்றால் டீசல் குடிக்காது, குதிரை சும்மா நின்றாலும் தின்னும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குதிரையும் கோவேறு கழுதையுமாக இரண்டு கோடிக்கு மேல் இருந்தன, பயிர் நிலத்தில் சுமார் கால் பங்கு அவற்றின் தீவனத்துக்கே போனது. டிராக்டர் ஜெயித்ததற்கு அந்த நிலம் விடுபட்டதும் ஒரு காரணம். மறுபக்கம், குதிரை சாணம் போட்டு மண்ணுக்கே திருப்பித் தருகிறது, குட்டியும் போடுகிறது.

அமெரிக்காவில் நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவ சமூகத்தாரான ஆமிஷ் விவசாயிகள் இதற்கு நடுவழி கண்டிருக்கிறார்கள். வைக்கோல் கட்டும் இயந்திரத்தைக் குதிரைகள் இழுக்கும், கட்டுகிற வேலையை அதன் மேலேயே பொருத்திய எஞ்சின் செய்யும். சில ஏக்கரில் காய்கறி போடுபவருக்கும், வரிசை நடுவே களையெடுக்கவும், காட்டுக்குள்ளிருந்து மரம் இழுக்கவும் குதிரையே போதும் என்பது என் அபிப்பிராயம். மழைக்கு முன் விதைத்தாக வேண்டிய பெரிய தானிய வயலுக்கு டிராக்டர்தான்.

இரண்டையும் வைத்திருப்பவர்கள் இருந்தால், குதிரைத் தீவனத்துக்கு எவ்வளவு நிலம் ஒதுக்குகிறீர்கள், வேலையில்லாத மாதங்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.