புதுப்பிப்பு: அம்பத்தூர் ஃப்யூசருக்கு சேம்பர் வந்துவிட்டது

சின்ன ஃப்யூசர் (காற்றை உறிஞ்சிய சேம்பருக்குள் ஹை வோல்டேஜ் கொடுத்து அணுக்கரு இணைவைச் செய்து பார்க்கும் கருவி) ஒன்றைச் சேர்ந்து கட்டலாம், யார் வருகிறீர்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். கை தூக்கிய எல்லோருக்கும் நன்றி. ஸ்டீல் சேம்பர் வெல்டிங் முடிந்து வந்துவிட்டது. இணைப்புகளை உள்பக்கமாகவே டிக் (TIG) வெல்டிங் செய்திருக்கிறார்கள், அதுதான் சரி. வெளியே மட்டும் பற்றவைத்தால் இடுக்கில் சிக்கிய காற்று மணிக்கணக்கில் கசிந்து வேக்யூமைக் கெடுக்கும். இனி யாரும் உள்ளே வெறும் கையை விடாதீர்கள், விரலின் எண்ணெய்ப்பசைகூட ஆவியாகும். நம்ம சென்னை ஈரக்காற்று இன்னும் தொல்லை, சுவரில் ஒட்டிய நீராவி லேசில் விடாது, அதனால் ஹீட்டர் டேப் சுற்றி, பம்ப் ஓடும்போதே சூடாக்கப் போகிறோம்.

முதல் ஓட்டம் உள்ளே மிஞ்சும் கொஞ்சக் காற்றில் மட்டும், ஊதா ஒளி தெரிந்தாலே பெரிய சந்தோஷம். காற்றுக்குப் பதில் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) போடலாமா என்று கேட்ட தம்பிக்கு: அதில்தான் இணைவு நடக்கும், நியூட்ரானும் வரும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் தொடவே மாட்டோம். காற்றிலும் ஹை வோல்டேஜ் ஆளைக் கொல்லும், வோல்டேஜ் ஏறினால் கண்ணாடி வழியே எக்ஸ் கதிரும் வரும், ஆகவே கேமராவில்தான் பார்க்க வேண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணன் எர்த்திங்கை அளந்து சரி சொல்லும்வரை சப்ளை ஆன் ஆகாது.

ஞாயிறு வருபவர்கள் பவுடர் இல்லாத கையுறையும் பஞ்சு உதிராத துணியும் கொண்டுவாருங்கள்.