தாய்மாமன் ரிக் வண்டியில், மாமனார் மஞ்சள் காட்டில்: காதுகுத்து எந்த மாதம் வைப்பது?

மொடக்குறிச்சி மருமகள்:
பாப்பாவுக்கு மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். தையில் வைத்துவிடலாம் என்கிறார் கோயமுத்தூர் பெரியப்பா. எங்களுக்கு மஞ்சள் காடு. தை பிறந்தால் வீட்டில் சோறாக்கவே ஆளிருக்காது. அண்ணன் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர், இப்போது மத்தியப் பிரதேசத்தில். தாய்மாமன் மடியில் உட்காராமல் என் பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன். நாத்தனார் திருப்பூரில் உள்ளூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறார். இந்த மூன்று வேலைக்கும் பொதுவாக ஓய்வான மாதம் உண்டா? ஆடி வேண்டாம்.

பழைய ரிக்காரன்:
தை முதல் வைகாசி வரை அண்ணனை எதிர்பார்க்காதீர்கள். கிணறு வற்றி, அறுப்பு முடிந்து காடு காலியாகக் கிடக்கும்போதுதான் போர் போடக் கூப்பிடுவார்கள். வடக்கே மழை பிடித்துவிட்டால் கரிசல் மண்ணில் சக்கரம் புதைந்துவிடும். பயிர் நிற்கிற காட்டுக்குள் வண்டியை விடவும் மாட்டார்கள். அப்போதுதான் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு ஊருக்கு வருவோம். ஆவணி என்றால் நம்பிச் சொல்லலாம். மேனேஜரிடம் இப்போதே சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

கொடுமுடி அம்மா:
அம்மிணி, தை, மாசிப் பேச்சே வேண்டாம். வெட்டின கிழங்கைப் போட்டு வைக்க முடியாது, இரண்டு மூன்று நாளில் வேகவைத்தாக வேண்டும். பாய்லர்க்காரர் ஊர் முழுக்கப் போவார். நம்ம முறை நடுராத்திரி வந்தாலும் எழுந்து போகத்தான் வேண்டும். வெந்த கிழங்கில் ஈர்க்குச்சியைக் குத்தினால் சிக்காமல் இறங்க வேண்டும், அதுதான் பதம். அப்புறம் களத்தில் காயப் போட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். நனைந்தால் நிறம் போச்சு, ஈரோட்டு மண்டியில் விலையும் போச்சு. காய்ந்ததும் பாலிஷ் போட்டு, விரலி தனி, கிழங்கு தனியாகப் பிரித்து மூட்டை பிடிப்பதற்குள் சித்திரை ஆகிவிடும். இந்த நேரத்தில் உங்க மாமனாரைக் கோயிலில் உட்கார வைத்தாலும் மனசு களத்தில்தான் இருக்கும், பாவம். ஆவணியில் களையெடுப்பு, மண் அணைப்புதான். ஒரு நாள் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாது.

திருப்பூர் செக்கிங்:
உங்கள் நாத்தனாரையும் நினையுங்கள். உள்ளூர் கம்பெனிக்கு ஆவணி, புரட்டாசி தலைபோகிற காலம். தீபாவளிச் சரக்கு கடைக்கு முன்னாடியே போய்ச் சேர வேண்டும், நைட் ஷிப்ட் ஓடும். ஏற்றுமதிக் கம்பெனி கணக்கு வேறு, அங்கே ஷிப்மென்ட் தேதி வைத்ததுதான் சட்டம். ஆவணி என்றால் முதல் இரண்டு ஞாயிற்றுக்குள் வையுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். புரட்டாசியில் எங்களுக்கு ஞாயிறும் வேலை.

மொடக்குறிச்சி மருமகள்:
ரொம்ப நன்றிங்க. ஆவணி இரண்டாவது ஞாயிறு என்று மாமனாரிடம் சொன்னேன், உடனே பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார். நாள் நன்றாக இருக்கிறதாம். அண்ணனுக்குப் போன் போட்டால், தோடு எத்தனை கிராமில் எடுக்கட்டும் என்று கேட்கிறார்.