முடி பரிசோதனையை நம்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு நலவாழ்வு மையத்தில் அம்மாவின் முடியைக் கொஞ்சம் வெட்டி அனுப்பிப் பார்த்துவிட்டு, ஈயம் அதிகம், உடனே கீலேஷன் மருந்து (உடம்பில் சேர்ந்த உலோகத்தை வெளியேற்றும் மருந்து) ஏற்ற வேண்டும் என்கிறார்கள். அம்மா பயந்துபோய்ப் பணத்தை எடுத்து வைத்துவிட்டார்!

எனக்குத் தெரிந்தவரை முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், அதனால் மெத்தில் பாதரசம் (நச்சான ஒரு பாதரச வகை) எந்த மாதம் உடம்பில் ஏறியது என்று முடியை வைத்தே ஓரளவு சொல்லலாம், 1971-72இல் ஈராக்கில் பாதரசம் கலந்த விதைக் கோதுமையில் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டவர்களிடம் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஈயத்துக்கு இரத்தப் பரிசோதனைதான் சரியான வழி. வெளியே இருந்து ஒட்டும் தூசி, டை எல்லாம் முடியில் கணக்கைக் குழப்பிவிடும். அம்மாவோ டை அடிக்காமல் வெளியே கிளம்ப மாட்டார்.

தேவையில்லாமல் கீலேஷன் செய்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து, அதுதான் கவலை.

பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) கேட்டால் இரத்தத்தில் ஈயம் பார்ப்பார்களா, இல்லை மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்களா? செலவு எவ்வளவு ஆகும்? அப்புறம், அம்மாவுக்குச் சுறாப் புட்டு என்றால் உயிர், சுறாவில் பாதரசம் அதிகம் என்பதால் அதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லலாமா? எடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த வாரம் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.